பொட்டு வைத்த பட்டுச் சலவை இயந்திரம்

என் அக்கா மகனுக்குப் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு பட்டறை இருக்கிறது. நான் வரைந்து கொடுத்து அவன் கட்டிய இயந்திரம் ஒன்று, மழைக்காலம் முழுவதும் அந்தப் பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. புதிதாக நூற்ற செயற்கைப் பட்டைக் கழுவிப் பதப்படுத்தும் இயந்திரம். வாங்குவதாக இருந்த நூல் ஆலைக்காரர்கள் இரண்டு முறை சோதிக்க வந்து, இரண்டு முறையும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். முதல் முறை பம்ப் விக்கியது. இரண்டாம் முறை மூடி ஒழுகியது. மூன்றாவது சோதனை, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பட்டறை திறக்கும் அன்று என்று முடிவானது. அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள்.

அக்கா மகன் என்னிடம் ஒளிவுமறைவு வைக்கவில்லை.

"மாமா, இந்தத் தடவை பாஸ் ஆனா லாரி ஏறும். ஆகலைன்னா கேஸ் கட்டர் வெச்சு வெட்டிட வேண்டியதுதான். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வேஸ்ட்டா போகாது."

"வெட்டி?"

"கேன்டீனுக்குப் பெரிய இட்லிக் கொப்பரை கேக்கறாங்க."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் இயந்திரத்தின் மூடியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஒரு தட்டுக்கு முப்பத்தாறு இட்லி வருமாம். நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டுதான் வரும். ஓரத்தில் ஆவி போக இடம் விட வேண்டும். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சம்மதித்ததாக ஆகிவிடும்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. இன்னொரு இயந்திரத்தை யாரும் என்னை வரையச் சொல்லப் போவதில்லை. நான் கோலார் தங்கவயலில் பிறந்து, படித்து, வேலைக்காலம் முழுவதையும் ஒரு ரேயான் ஆலையின் சலவைப் பகுதியில் கழித்தவன். அப்பா பாறைக்குள் பொன் தேடினார். நான் மரக்கூழுக்குள் பட்டுத் தேடினேன். இருவர் வீட்டிலும் தேடிய பொருள் தங்கவில்லை. என் மனைவியிடம் இருக்கும் பட்டுப்புடவைகள் அவளுடைய அண்ணன் வாங்கிக் கொடுத்தவை.

செயற்கைப் பட்டு என்றதும் பிளாஸ்டிக் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மரக்கூழைக் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, மிக நுண்ணிய துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சினால் இழையாக உறையும். அந்த இழை, சுழலும் ஒரு பானைக்குள் விழுந்து, உட்சுவரோடு சுற்றிக்கொண்டு, நடுவில் ஓட்டையோடு ஒரு வளையமாகும். ஆலையில் அதற்குக் கேக் என்று பெயர். பெயர் வைத்தவர் பிறந்தநாளே கொண்டாடியிருக்க மாட்டார். தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு போலத்தான் அது இருக்கும். பிறந்த புதிதில் பழுப்பு மஞ்சளாக, அமிலம் சொட்ட, அழுகிய முட்டை போல நாறும். அதை யாரும் கட்டிக்கொள்ள முடியாது. முதலில் வெந்நீர், பிறகு கந்தகத்தை எடுக்கச் சுண்ணாம்பு ஜாதிக் காரத் தண்ணீர், மறுபடி நீர், வெளுக்க பிளீச், மறுபடி நீர், கொஞ்சம் மெல்லிய அமிலம், கடைசியாக மென்மைக்குச் சோப்பும் எண்ணெயும் கலந்த நீர். ஆக ஏழு குளியல்.

நான் வரைந்த இயந்திரத்தில் நாற்பத்தெட்டு துளைக் குழாய்கள் பெட்டிக்குள் வரிசையாக நிற்கும். ஸ்பிண்டில் என்போம். ஒவ்வொன்றிலும் ஒரு கேக்கை மாட்டி மூடினால், நீர் குழாய்க்குள் ஏறித் துளைகள் வழியாகக் கேக்கின் உள்ளிருந்து வெளியே பாயும். இழை கலையாது. சிக்காது. ஏழு குளியலும் இருந்த இடத்திலேயே நடக்கும்.

இதை எங்கள் ஜோகுபாளையத்து வீட்டில் ஒரு நாள் காப்பி ஆறும்வரை மனைவிக்கு விளக்கினேன்.

"ஏங்க, ஒரு நூலுக்கு ஏழு குளியலா?" என்றாள். "நீங்க தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு? அதை எண்ணுங்க முதல்ல."

பூஜை அன்று மெட்ரோவில் ஊதா, பச்சை, மஞ்சள் என்று மூன்று தடம் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பட்டறை வாசலில் வாழைக்கன்று, மாவிலை, செவ்வந்தி மாலை, உடைப்பதற்கு ஐந்து பூசணிக்காய். உள்ளே கடலேபுரி என்று இந்த ஊரில் சொல்லும் பொரி மூட்டை.

பூஜையை முன்னின்று நடத்துகிறவர் வெல்டர். அவரும் தங்கவயல்காரர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகத் தவறமாட்டார். பட்டறையில் பூஜை செய்ய அவரை யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. ஆனால் முதல் வருஷம் யாரோ அவர் கையில் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஏனோதானோவென்று செய்ததாகப் பேச்சு வந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் ஒரு மடங்கு கூடுதலாகவே செய்வார். ஒரு எலுமிச்சை போதுமான இடத்தில் இரண்டு வைப்பார். டிரில்லிங் மெஷினுக்கு ஒரு மாலை என்றால் அதன் சுவிட்சுக்குத் தனியாக ஒரு மாலை.

நான் போனபோது அவர் என் இயந்திரத்தின் மூடியைத் திறந்துவைத்து, தலையை உள்ளே விட்டிருந்தார்.

"என்னப்பா பண்றே?"

"பொட்டு வெக்கிறேன் சார்."

"வெளியே வெச்சாப் போதாதா?"

"இன்னா சார் நீங்க! மூஞ்சியில மட்டும் வெச்சா எப்டி? வேலை செய்றது உள்ள இருக்கிறதுங்க தானே."

அவர் கையில் மஞ்சள் கிண்ணம். நல்லெண்ணெயில் குழைத்திருந்தார். போன வருஷம் தண்ணீரில் குழைத்த மஞ்சள் காய்ந்து, பூசணிக்காய் உடைப்பதற்குள் உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வருஷம் பட்டறையில் உடைந்த ஒவ்வொரு டிரில் பிட்டுக்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். என் பம்ப் விக்கியதற்கும் அதுதான் காரணமாம்.

நான் எட்டிப் பார்த்தேன். குழாய் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு. கண் தானாக எண்ணிவிட்டது.

"நாற்பத்தஞ்சுதான் இருக்கு. கடைசி வரிசையில மூணை விட்டுட்டே."

வெல்டர் தலையை வெளியே எடுத்தார். "கண்ணு உங்களுது, கை என்னுதா? இந்தாங்க, நீங்களே வைங்க."

வைத்தேன். நாற்பத்தெட்டும் சரியாக வந்த பிறகுதான் கடலேபுரி வாயில் இறங்கியது.

சோதனை நாள் காலையில் பட்டறைக்கு முதல் ஆளாகப் போய்விட்டேன். மூடியைத் திறந்தால் நாற்பத்தெட்டுப் பொட்டும் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருந்தன. உள்ளே வரப்போவது வெள்ளைப் பட்டு. இதைத் துடைத்துவிடுங்கள் என்றேன்.

யாரும் அசையவில்லை. லேத் ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பூஜையில் வைத்த பொட்டை ஒருவரும் கையால் அழிக்க மாட்டார்கள். அது தானாகப் போக வேண்டும்.

"அதுவும் இன்னைக்கு!" என்றான் அக்கா மகன். "ட்ரையல் நாள்ல மெஷினோட பொட்டை அழின்னு சொல்றீங்களே மாமா, உங்க வாயில வேற வார்த்தையே வராதா?"

"வைக்கும்போது சும்மா இருந்துட்டு இப்ப சொன்னா எப்டி சார்?" என்றார் வெல்டர்.

சரி, நானே துடைக்கிறேன் என்று துணியைக் கையில் எடுத்தேன். குனிந்தேன். முதல் பொட்டு என்னைப் பார்த்தது. எனக்கு ஏனோ என் மனைவியின் நெற்றி நினைவுக்கு வந்தது. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். பச்சைத் தண்ணீரை ஒரு சுற்று ஓட்டினால் பொட்டு தானாகப் போய்விடும். யாரும் அழித்ததாகவும் ஆகாது. ஓட்டினார்கள். தண்ணீர் தெளிவாக வெளியே வந்தது. எண்ணெயில் குழைத்த மஞ்சள் பச்சைத் தண்ணீருக்கு அசையுமா? தெளிவாக வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்.

"தெளிவா வந்தாலும் பிடிக்கலை, கலங்கி வந்தாலும் பிடிக்கலை. உங்களுக்கு என்னதான் வேணும் மாமா?" என்றான். மறுபடி மூடியைத் திறப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

ஆலையிலிருந்து சோதிக்க வந்தவர் ஓர் இளம்பெண். ஈரோட்டுக்காரர். பேச்சில் மரியாதை சொட்டும். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இருக்காது. முந்தைய இரண்டு முறையும் வந்து உதட்டைப் பிதுக்கியது இவர்தான். ஈரம் காயாமல் பெட்டிகளில் அடுக்கி ஐம்பது கேக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் பட்டறை முழுக்க அழுகிய முட்டை வாசனை. வெல்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பசி எடுத்தது. வேலைக்காலம் முழுவதும் அந்த வாசனையில்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

மேஜை மேல் ஒரு பிடி வெள்ளை நூலை வைத்தார். "இந்த வெள்ளைக்கு வரணுங்க சார். உள்சுத்து, வெளிச்சுத்து ரெண்டும். நாற்பத்தெட்டுல ரெண்டு வரைக்கும் போனாப் பரவாயில்லைங்க. மூணு போச்சுன்னா நான் கிளம்பிடுவேன்."

கேக்குகளை மாட்டினோம். கீழே பொட்டு இருப்பது கேக்கை மாட்டிய பிறகு தெரியவில்லை. வெந்நீர் ஓடியது. வெளியே வரும் குழாயில் ஒரு கண்ணாடித் துண்டு பொருத்தியிருக்கிறேன், நீரின் நிறம் பார்ப்பதற்கு. மஞ்சளாக வந்தது. புதுக் கேக் அப்படித்தான் விடும். அடுத்தது காரத் தண்ணீர். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.

முதலில் இளஞ்சிவப்பு. பிறகு செங்கல் நிறம். பிறகு நல்ல ரத்தச் சிவப்பு.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரியாத தமிழன் உண்டா? லேத்காரர்தான் வாய் திறந்தார்.

"மெஷினே ஆரத்தி கரைக்குது சார்."

வெல்டர் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அக்கா மகன் மூலையில் நின்ற கேஸ் சிலிண்டரைப் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் முப்பத்தாறு இட்லி தெரிந்தது.

"இது என்னங்க சார்?" என்றார் ஈரோட்டுப் பெண்.

நான் தொண்டையைச் செருமினேன். "பூஜை..."

"மஞ்சளா?"

"நாற்பத்தெட்டுப் பொட்டும்மா."

"எங்க வீடு மஞ்சள் மண்டிக்குப் பின்னாடிங்க. இது எனக்குத் தெரியாதுங்களா? எங்கே வெச்சீங்க?"

"உள்ளே."

"உள்ளேன்னா, எதுக்குள்ளேங்க?"

வெல்டர் முன்னால் வந்தார். "வேலை செய்றது உள்ளதானே மேடம் இருக்கு?"

அவர் வெல்டரை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அக்கா மகன் சுவிட்சில் கை வைத்து, "நிறுத்திடவா?" என்று கத்தினான். நானும் அந்தப் பெண்ணும் ஒரே குரலில் "நிறுத்தாதே" என்றோம். அவர் "நிறுத்தாதீங்க" என்றார், அதுதான் வித்தியாசம். காரத்தில் பாதியில் நின்ற பட்டு பாழ். மேற்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. பிளீச் மஞ்சளைத் தின்னும். ஆனால் எவ்வளவு தின்னும்?

"அப்போ பிளீச்சை டபுளா ஊத்திடலாம் மாமா!"

"ஊத்து. பட்டு வெளுக்கும். இழுத்தா இடியாப்பம் மாதிரி அறுந்து வரும்."

"அளவுக்கு மேல ஒரு சொட்டு விழுந்தாலும் ட்ரையல் கேன்சலுங்க" என்றார் அந்தப் பெண்.

காரம் முடிந்து நீர்க்குளியல் ஓடியது. நான் கூரையில் ஓட்டை விழுந்த தகரங்களை எண்ணினேன். பதினொன்று. கண்ணாடியில் சிவப்பு குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகியது.

"சேப்பு போய்ட்ச்சு சார்!" வெல்டர் குதித்தார்.

"போகலைப்பா. காரம் போச்சு, அதனால மறுபடி மஞ்சளா மாறியிருக்கு. எல்லாம் உள்ளேயேதான் இருக்கு."

"நல்லது எதுவுமே உங்க வாயில வராதா சார்?"

பிளீச் ஏறியது. அதிலும் காரம் உண்டு. ஆகவே மறுபடி சிவந்தது. அக்கா மகன் கண்ணை மூடிக்கொண்டான். சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு வைக்கோல் நிறமாகி, வைக்கோல் நிறமும் மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. நீர் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்து, கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மீதிக் குளியல்களும் முடிந்து மூடியைத் திறந்தோம். உள்ளே நாற்பத்தெட்டு வெள்ளைச் சும்மாடு. ஒருவரும் கைதட்டவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தோம். அவர் ஒவ்வொரு கேக்கிலும் வெளிச்சுற்றில் கொஞ்சம், உள்சுற்றில் கொஞ்சம் நூலை உருவி, சூடான காற்றில் உலர்த்தி, மேஜை மேலிருந்த வெள்ளையோடு சேர்த்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று நானும் பின்னாலேயே போனேன். முப்பதுவரை தடையில்லை. முப்பத்தொன்றாவதில் அவர் கை நின்றது. உள்சுற்றில் நகக்கீறல் அளவுக்கு ஒரு மஞ்சள் பிறை. அதை எடுத்துத் தனியே வைத்தார். மீதி பதினேழும் வெள்ளை.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. பாஸ்" என்றார்.

அக்கா மகன் அப்படியே ஒரு இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். வெல்டர் லேத்காரரைக் கட்டிப்பிடித்தார்.

"அந்த ஒண்ணு ஏன்?" என்றேன் நான்.

"மாமா."

"இல்லைப்பா, நாற்பத்தேழுக்குப் போன தண்ணி அதுக்கு ஏன் போகலை?"

"மாமா, அவங்க பாஸ்னு சொல்லியாச்சு."

"அவங்க சொல்லலாம். நான் எப்படிச் சொல்றது?"

குனிந்து முப்பத்தொன்றாவது குழாயின் துளைகளை எண்ணினேன். அறுபது இருக்க வேண்டும். ஐம்பத்தேழு இருந்தன. மறுபடி எண்ணினேன். ஐம்பத்தேழு. அடியில் ஒரு வெல்டிங் துளி உருகி விழுந்து மூன்று துளைகளை அடைத்திருந்தது.

"இங்கே பாரும்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம், "மூணு துளை அடைச்சிருக்கு. இது தப்பு. இதை நீ ஒத்துக்கக் கூடாது."

பின்னாலிருந்து அக்கா மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். சின்ன வயதில் கடைத்தெருவில் மிட்டாய்க்கு இழுப்பானே, அதே இழுப்பு. வெல்டர் என்னை ஜென்ம விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சார்," என்றார் அந்தப் பெண், "நீங்க யார் பக்கமுங்க?"

"மெஷின் பக்கம்" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். மூன்று முறை வந்ததில் முதல் சிரிப்பு. பிறகு ஆலைக்குப் போன் போட்டார். நாங்கள் கேட்டது ஒரு பக்கம் மட்டும்தான்.

"பாஸ் ஆயிடுச்சுங்க சார்... நடுவுல சிவப்பாச்சுங்க... இல்லைங்க, ரஸ்ட் இல்லைங்க, மஞ்சள்... சாப்பிடற மஞ்சள்தாங்க... ஆமாங்க, அவங்களாதான் போட்டாங்க... அதனாலதான் சார் நல்லாத் தெரிஞ்சுது, தண்ணி எங்கே போகுது, எங்கே போகலைன்னு... ஒரு பெரியவர் துளையை எண்ணிட்டு இருக்காருங்க... இல்லைங்க, வேலைக்கு இல்லை, அவங்க மாமாங்க."

போனை வைத்துவிட்டு, அந்த மூன்று துளைகளைத் திறந்தபிறகு இயந்திரத்தை லாரியில் ஏற்றலாம் என்றார். வெல்டர் தாமே உட்கார்ந்து துளியைச் சுரண்டி எடுத்தார். நான் ஒரு ஊசியை ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்தேன். அறுபதும் சரியாக இருந்தன.

மறுநாள் லாரி வந்தது. கிரேன் தூக்கியபோது இயந்திரம் ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய்ந்தேன். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினார்கள். லாரி ஓசூர் ரோடு பக்கம் திரும்பியது.

"போச்சு மாமா," அக்கா மகன் பெருமூச்சு விட்டான். "இனிமே அது அவங்க தலைவலி."

"மூடியோட நட்டு பதினாறு. பதினஞ்சைத்தான் முறுக்கினதைப் பார்த்தேன்."

"பதினாறும் முறுக்கியாச்சு."

"நீ பார்த்தியா?"

அவன் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிப் பெட்டியில் போட்டான். நான் சாலையைப் பார்த்தேன். லாரி அடுத்த சிக்னலில் போய் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஒரு தண்ணீர் டேங்கர், மூன்று பஸ், கணக்கில்லாத கார்கள். பெங்களூரில் நம்பக்கூடியது ஒன்று உண்டென்றால் அது சிக்னல்தான். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓடவில்லை. ஓட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கிளீனர் பின்கதவைத் திறந்து கைகொடுத்தான். "இன்னா தாத்தா, ஆலை வரைக்கும் வர்றீங்களா?"

"ஒரு நிமிஷம்ப்பா" என்று தார்ப்பாயைத் தூக்கினேன். பதினாறும் இறுக்கமாகத்தான் இருந்தன. இருந்தாலும் ஒவ்வொன்றையும் ஒரு கால் திருப்புத் திருப்பினேன். முடித்து இறங்கியபோதும் சிக்னல் சிவப்பிலேயே நின்றது. இன்னொரு முறை எண்ணியிருக்கலாம்.